மோசமாகப் பதிவான சிடிகளுக்கு எந்த ப்ளேயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் செங்கோட்டை. மேற்கே புளியரை சோதனைச் சாவடி, அதைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். 1956 நவம்பர் 1 வரை ஊரே மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. அதனால் கல்யாணம், வியாபாரம், பாட்டு எல்லாம் இன்றைக்கும் கணவாயின் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கின்றன. அப்பா இங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை இப்போது இல்லை. அவருடைய மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் என்னிடம் இருக்கின்றன. அந்த ஒரே தகுதியை நம்பி, "நல்ல சிடி ப்ளேயராக ஒன்று சொல்லுங்கள், ஆனால் என்னிடம் இருக்கிற சிடி எல்லாம் கரகர" என்று தென்காசியிலிருந்தும் புனலூரிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் போட்டு வாங்கினால் இந்தக் கரகரப்பு போய்விடுமா அண்ணாச்சி?

போகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் வருத்தப்பட வேண்டாம்.

சிடியில் இருப்பது எண்கள். இடது, வலது ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். ஃபிலிப்ஸும் சோனியும் 1980இல் ஒத்துக்கொண்ட கணக்கு இது. 1982இல் சோனியின் முதல் ப்ளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை மாறவில்லை. கரகரப்பும் அந்த எண்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்த எண் பாட்டு, எந்த எண் கரகரப்பு என்று ப்ளேயருக்குத் தெரியாது. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டி படிப்பதும் அதே எண்தான், இரண்டு லட்ச ரூபாய்ப் பெட்டி படிப்பதும் அதே எண்தான்.

"விலை கூடின ப்ளேயர் மோசமான பதிவை இன்னும் மோசமாகக் காட்டிவிடும்" என்று எதிர்ப்பக்கம் ஒரு பயமும் உண்டு. அதுவும் பெரும்பாலும் வீண். ஒழுங்காகச் செய்த இரண்டு ப்ளேயர்களுக்கு நடுவே வித்தியாசம் கொஞ்சம்தான். காதைக் குத்துகிறது என்றால் முதலில் ஸ்பீக்கரையும் அது இருக்கிற அறையையும் பாருங்கள். நம் வீடுகளில் மொசைக் தரை, சிமெண்டுச் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல். அங்கே வீணை வாசித்தாலும் குத்தத்தான் செய்யும். ஒரு ஜமுக்காளத்தை விரித்துப் பார்த்துவிட்டு ப்ளேயரைத் திட்டலாம்.

ஆனாலும் ப்ளேயரால் ஆகிற காரியம் இல்லாமல் இல்லை. பழுதான தட்டைத் தடுமாறாமல் படிக்க வேண்டும். சத்தம் ஏற்றிய தட்டைச் சிதறாமல் வாசிக்க வேண்டும். எண்களை அப்படியே இன்னொரு பெட்டிக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். பணம் போட்டால் இதற்குப் போடுங்கள்.

மோசம் என்றால் மோசம்தானே, அதில் என்ன வகை?

இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். தட்டு எந்த விதத்தில் மோசம் என்று தெரியாமல் ப்ளேயர் தேடுவது, என்ன காய்ச்சல் என்று தெரியாமல் மாத்திரை வாங்குகிற மாதிரி.

எங்கள் ஊர்க்காரர் எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். 1906இல் இங்கே பிறந்தவர். 1933இல் போய்விட்டார், வயது 27. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டிய குரல். நமக்கு மிஞ்சியது 78 சுற்று இசைத்தட்டுகள், பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிடம். அதிலிருந்து எடுத்த சிடியில் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே இருப்பது ஊசி உரசல் மட்டும். சிடி தாங்கக்கூடிய வீச்சு, அதாவது மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள தூரம், 96 டெசிபல் என்றால் அந்தத் தட்டு அதில் பாதியைக்கூடத் தொடாது. இந்த வகைக்கு ப்ளேயரின் நுட்பம் ஒரு பொருட்டே இல்லை. வேண்டியது ட்ரெபிள் குமிழும் மோனோ பட்டனும்.

மோனோ பட்டன் ஏன் என்றால், 78 தட்டின் பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி போட்டு எடுத்தால் அது மேலும் கீழுமாக ஆடுவதையும் சேர்த்து எடுத்துவிடும். அந்த மேல்-கீழ் ஆட்டத்தில் பாட்டு கிடையாது, தூசியும் தேய்மானமும்தான். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் அந்தப் பங்கு தன்னாலேயே அடிபட்டுப் போகும். ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள். குரல் நடு நெற்றியில் நிற்க, பொரிகிற சத்தம் இரண்டு காதுக்கும் விரிந்து கேட்டால், மோனோ பட்டன் உங்களுக்குத்தான். இரைச்சலும் நடுவிலேயே நின்றால் கம்பெனிக்காரர்களே அதைச் செய்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்த வகை, கேசட்டிலிருந்தோ பழைய டேப்பிலிருந்தோ எடுத்தது. மங்கலாக இருக்கும், போர்வைக்குள் பாடுகிற மாதிரி. ஹெட்டின் கோணம் கொஞ்சம் பிசகியிருந்தால் ட்ரெபிள் போய்விடும். போனது எண்களில் ஏறவே இல்லை, அதனால் எந்தப் ப்ளேயரும் திருப்பித் தராது. இங்கே மோனோ பட்டனைத் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் நேரத்தில் இம்மி பிசகியிருப்பதால், கூட்டினால் இன்னும் மங்கும். இதே வகையில் வேகக் கோளாறும் உண்டு. டேப் 6 சதவீதம் வேகமாக ஓடியிருந்தால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். பாடகருக்குக் கீச்சுக் குரல் வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். டாஸ்காம் மாதிரி ஸ்டுடியோக்காரர்களுக்குச் செய்கிற ப்ளேயர்களில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதி உண்டு. லட்ச ரூபாய் வீட்டு ப்ளேயரில் அதைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். இது எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல்.

மூன்றாவது வகை, கழுவிக் கழுவிச் சாயம் போன வகை. இரைச்சலை நீக்குகிறேன் என்று கம்ப்யூட்டரில் போட்டு அளவுக்கு மீறி அலசியிருப்பார்கள். 'ச', 'ஸ' வருகிற இடமெல்லாம் மழுங்கியிருக்கும். பாடகர் மூச்சு விடுகிற இடைவெளியில் தம்புராவும் சேர்ந்து செத்துப்போய், அடுத்த சொல்லோடு திரும்ப உயிர் வரும். கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. இதற்கு மருந்தே கிடையாது. அதே பாட்டு கரகரப்போடு வேறு வெளியீட்டில் கிடைத்தால் அதை வாங்குங்கள். கரகரப்பை ஐந்து நிமிடத்தில் காது பழகிக்கொள்ளும், இதைப் பழகவே பழகாது.

கச்சேரிப் பதிவு தனி ஜாதி. மிருதங்கத்துக்குப் பக்கத்தில் மைக்கை நட்டு, அளவை ஏற்றி விட்டிருப்பார்கள். தொப்பியில் விழும் ஒவ்வொரு அடியும் பிய்ந்து கேட்கும். மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர். சில சபா பதிவுகளைக் கேட்கும்போது அவர் சொன்னது சரிதான் என்று படும்.

கடைசி வகை, சத்தத்தை முட்ட முட்ட ஏற்றிய சிடி. 1990களின் பாதியிலிருந்து வந்த சினிமாப் பாட்டுகளும், பழைய பாட்டை 'புதுப்பித்து' வெளியிட்டவையும் இதில் நிறைய. இது ஒன்றில்தான் ப்ளேயருக்கு ப்ளேயர் உண்மையிலேயே வித்தியாசம் வருகிறது. அதனால் தனியாகச் சொல்கிறேன்.

சத்தம் ஏற்றிய சிடியில் ப்ளேயர் என்ன வித்தியாசம் செய்துவிட முடியும்?

சிடியில் எழுதக்கூடிய பெரிய எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் இடமில்லை. இவர்கள் எல்லா எண்களையும் அந்த எல்லைவரை தள்ளிவிடுகிறார்கள். ஆனால் பாட்டின் அலை எண்களில் மட்டும் இல்லை, எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவிலும் வளைந்து போகிறது. புளியரையிலிருந்து ஆரியங்காவுவரை கிலோமீட்டர் கல் இருக்கிற இடத்தில் மட்டும் உயரம் குறித்துக்கொண்டு போனால், இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கிற மேடு கணக்கில் வராது, ஆனால் வண்டி ஏறித்தான் ஆக வேண்டும். அதே மாதிரி, எண்கள் எல்லைக்குள் இருந்தாலும் நடுவில் இருக்கும் முகடு எல்லையைத் தாண்டிப் போகும்.

இன்றைய ப்ளேயர்கள் பெரும்பாலும் அந்த நடு இடத்தைக் கணக்குப் போட்டு நிரப்பித்தான் அலையை உருவாக்குகின்றன. நிரப்பும்போது முகடு எல்லையைத் தாண்டினால், அதற்கு மேலே இடம் விடாத சிப் அந்த முகட்டை வெட்டிவிடும். ஏற்கெனவே அடிபட்ட பாட்டு இங்கே இன்னொரு அடி வாங்குகிறது. எண்களை ஒலி அலையாக மாற்றுகிற பகுதிக்கு டேக் என்று பெயர், தனிப் பெட்டியாகவும் வரும். பெஞ்ச்மார்க் கம்பெனி தன்னுடைய டேக்2, டேக்3 இரண்டிலும் இதற்கென்றே 3.5 டெசிபல் இடம் விட்டுச் செய்திருக்கிறது. ஒலியளவை எண்களிலேயே குறைத்துவிட்டு அப்புறம் சிப்புக்கு அனுப்புகிற டேக் எதிலும், அளவை 3, 4 டெசிபல் இறக்கி வைத்தாலே அதே பலன் கிடைக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அந்தப் பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 4 டெசிபல் குறைத்து, வெற்று சிடியில் எழுதிக்கொள்ளுங்கள். அதே ப்ளேயரில் இரண்டையும் போட்டு, ஆம்ப் குமிழால் சத்தத்தைச் சமன் செய்து கேளுங்கள். குறைத்தது இதமாக இருந்தால் தப்பு ப்ளேயரிடம். இரண்டும் ஒரே மாதிரி குத்தினால் தப்பு பாட்டைத் தயாரித்தவரிடம், உங்கள் பணம் மிச்சம்.

வால்வு வைத்த ப்ளேயர், 'ஓவர்சாம்ப்ளிங் இல்லாத' ப்ளேயர் எல்லாம் மோசமான சிடிக்கு நல்லது என்கிறார்களே?

ஓவர்சாம்ப்ளிங் என்றால் மேலே சொன்ன, எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே நிரப்புகிற வேலைதான். அது இல்லாத டேக்கில் ட்ரெபிள் தானாகவே சரியும். 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். புதுப் பாட்டில் அது கொஞ்சம் இதமாகத் தோன்றலாம். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் 78 தட்டில் பாட்டு இருப்பதே 5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அங்கே குறைவது 0.2 டெசிபல்கூட இல்லை. அதற்கு எதற்கு அவ்வளவு காசு? ட்ரெபிள் குமிழை ஒரு நூல் திருப்பினால் அதைவிட அதிகம் குறையும், பிடிக்காவிட்டால் திரும்ப ஏற்றவும் முடியும்.

வால்வு அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அப்பா கடையில் இருட்டின பிறகு ஆரஞ்சு வெளிச்சத்தில் அது எரிவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அழகுக்கு வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள்.

அந்த நடு இடத்தை நிரப்பும் கணக்குக்கு ஃபில்டர் என்று பெயர். அதை மாற்றும் வசதி பல ப்ளேயர்களில் வருகிறது. மராண்ட்ஸ் சிடி 6007இல்கூட இரண்டு உண்டு. மாற்றிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியவில்லை என்றால் காதில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

என் சிடிகள் சாரல் காலத்தில் பூசணம் பிடித்துவிட்டன. திக்கித் திக்கிப் பாடுகிறது. இதற்காவது நல்ல ப்ளேயர் உதவுமா?

உதவும். குற்றால சீசன் என்று ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், ஆடி மாதம் முழுக்க நம் அலமாரிக்குள் ஈரம். தட்டின் கண்ணாடிப் பக்கத்தில் வெண்மையாகச் சிலந்தி வலை மாதிரி படரும். காகித உறையோடு ஒட்டிக்கிடந்தால் இன்னும் மோசம்.

ப்ளேயரை மாற்றுவதற்கு முன் தட்டைக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், விரல் நுனி. நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாட்டு ஓடும் திசையிலேயே விழும், அது தொல்லை. ஏனென்றால் சிடியில் பிழை திருத்தும் கணக்கு ஒன்று சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. தடத்தின் வழியே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் அழிந்துபோனாலும் அந்தக் கணக்கு முழுசாக மீட்டுவிடும். குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொட்டு இடத்தைத்தான் அழிக்கிறது. தடத்தோடு சேர்ந்து நீளமாக விழுந்த கீறல் அந்த 2.5 மில்லிமீட்டரை எளிதாகத் தாண்டிவிடும்.

இன்னொன்று. எல்லாரும் பளபளப்பான அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பார்கள், படம் அச்சடித்த பக்கத்தை மேசையில் தேய்ப்பார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். அலுமினியப் பூச்சு இருப்பதோ படத்துக்கு உடனே கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். அங்கே கீறினால் பாட்டே உரிந்து வந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போனது போனதுதான்.

கழுவியும் திக்கினால் அப்போது ப்ளேயர். ஆடியோலேப் 6000 சிடிடி என்று ஒன்று இருக்கிறது. டேக் இல்லாத, எண்களை மட்டும் படித்து வெளியே தருகிற பெட்டி. முன்கூட்டியே படித்துச் சேமித்து வைத்துக்கொண்டு, படிக்க முடியாத இடத்தைத் திரும்பப் போய்ப் படிக்கிற வகை. கேம்பிரிட்ஜ் ஆடியோவின் சிஎக்ஸ்சியும் டேக் இல்லாமல் எண்களை மட்டும் தருகிற பெட்டிதான். திரும்ப எழுதக்கூடிய சிடி உங்களிடம் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய்க் கடையில் போட்டுப் பாருங்கள். அச்சடித்த தட்டைப் போல அது ஒளியைத் திருப்பித் தராது, 15 முதல் 25 சதவீதம்தான் தரும். லென்ஸ் சோர்ந்த ப்ளேயர் அங்கே கையை விரித்துவிடும். என் தட்டுகள் இருக்கிற தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன், வெயில் அடிக்கிற நாளில் அதை வெளியே காயவைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் ரகசியம்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய உயர்தர ப்ளேயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பின்பக்கத்தைத் திருப்பி வோல்ட்டைப் படித்துவிட்டுத்தான் பேச்சே. ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. தெரியாமல் நேராகச் சொருகிப் புகையவிட்ட பெட்டிகளை அப்பா கடையில் எண்ணிப் பார்க்காத அளவுக்குப் பார்த்திருக்கிறேன். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். ப்ளேயர் தின்கிற மின்சாரம் கொஞ்சம்தான், 100 வாட் ட்ரான்ஸ்ஃபார்மர் தாராளம்.

அடுத்துக் கேட்க வேண்டியது லேசர் யூனிட்டின் பெயர். சோனி கேஎஸ்எஸ்-213, சான்யோ எஸ்எஃப்-பி101என் மாதிரி பரவலாகப் போன யூனிட் என்றால் மாற்று கிடைக்கும், எங்கேயாவது ஒரு மெக்கானிக் மாற்றியும் தருவார். ஃபிலிப்ஸின் சிடி-ப்ரோ2 போட்ட பெட்டிகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த யூனிட்டைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். லேசர் செத்தால் அது பதினைந்து கிலோ எடையுள்ள காகிதக் கனம்.

விற்பவர் முன்னால் ஒரு தட்டின் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். முதல் பாட்டு எந்த நோஞ்சானிலும் பாடும். சிடி உள்ளிருந்து வெளியே படிப்பதால், தட்டின் வளைவும் ஆட்டமும் விளிம்பில்தான் அதிகம். அங்கே திணறினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஐப்பசியில் மாலை இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று இருக்காதீர்கள், இடிக்கு ஸ்டெபிலைசர் தெரியாது.

கடையில் இரண்டு ப்ளேயரைப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடினது நன்றாகத்தான் கேட்டது. அப்படியென்றால் நீங்கள் சொல்வது?

புனலூரில் என் மாமா மகன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மச்சான் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார், விலையைச் சொன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும். பழைய ப்ளேயரையும் புதியதையும் ஒரே ஆம்பில் மாட்டி, அதே பாட்டின் இரண்டு பிரதிகளைப் போட்டார். புதியதில் குரல் முன்னால் வந்து நின்றது. மிருதங்கத்துக்குக் கனம் கூடியிருந்தது. எனக்கும் அப்படித்தான் கேட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலி எழுதிய சிடியை இரண்டிலும் போட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தேன். பழையதில் 2.0 வோல்ட் வந்தது, புதியதில் 2.3. டெசிபலில் சொன்னால் 1.2 வித்தியாசம். காது இதைச் 'சத்தம் கூட' என்று உணராது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் உணரும். ஆம்ப் குமிழில் பழையதற்கு ஒரு பென்சில் குறி, புதியதற்கு ஒரு பென்சில் குறி போட்டு, ஸ்பீக்கர் முனையில் இரண்டும் ஒரே வோல்ட் வரும்படி வைத்துவிட்டு, மச்சானைத் திரும்பி உட்காரச் சொன்னேன். அவருடைய மகள் மாற்றி மாற்றிப் போட்டாள். பத்துத் தடவையில் மச்சான் ஐந்து சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும்.

அவர் ப்ளேயரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் ட்ரே சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வருவது அவருக்குப் பிடித்திருக்கிறது. அதுவும் ஒரு காரணம்தானே.

சரி, சுற்றி வளைக்காமல் எதை வாங்கட்டும்?

நான் செய்வது இது. தட்டைப் படிக்க ஒரு நல்ல பெட்டி, ஆடியோலேபோ கேம்பிரிட்ஜோ. அதிலிருந்து கோஆக்சியல் கேபிள் வழியாக ஆர்எம்இ ஏடிஐ-2 டேக். மோசமான பதிவுகளுக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்த மாதிரி இருக்கும் பெட்டி அது. ஐந்து பட்டை ஈக்வலைசர், தனியாக பாஸ், ட்ரெபிள், மோனோ எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அமைப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். ஒலியளவை எண்ணிலேயே குறைப்பதால் சத்தம் ஏற்றிய சிடிக்கும் வழி பிறக்கிறது. பார்க்க ஆய்வகக் கருவி மாதிரி இருக்கும், ஹாலில் வைத்தால் வீட்டில் ஒரு பேச்சு வரலாம்.

ஒரே பெட்டியாகத்தான் வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்றால் யமஹா சிடி-எஸ்2100, மராண்ட்ஸ் எஸ்ஏசிடி 30என் இரண்டிலும் வெளியிலிருந்து டிஜிட்டல் இணைப்பு கொடுக்க வசதி உண்டு. அதைப் பார்த்து வாங்குங்கள், நாளைக்குக் கம்ப்யூட்டரில் சரிசெய்த பாட்டை அதன் வழியாகவே கேட்கலாம். ஆம்பில் டோன் கண்ட்ரோல் கட்டாயம். 'சுத்தமான ஒலி' என்று சொல்லி ட்ரெபிள் குமிழையே எடுத்துவிட்ட ஆம்பை நம்மைப் போன்றவர்கள் தொடவே கூடாது.

பணம் அதிகமில்லை என்றால் மராண்ட்ஸ் சிடி 6007ஓடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் ப்ளேயரே வேண்டாமே?

வேண்டாம்தான். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் சந்தேகப்பட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும், மற்றவர்கள் ஏற்றியதோடு ஒப்பிட்டு எண்கள் சரியா என்றும் சொல்லும். 1980களின் கடைசியில் இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஆலையில் அடித்த சில தட்டுகள் விளிம்பிலிருந்து வெண்கல நிறமேறி அழிந்துகொண்டிருக்கின்றன. அப்படி ஏதாவது உங்களிடம் இருந்தால் இன்றைக்கே ஏற்றிவிடுங்கள். எனக்கு என்னவோ தட்டைக் கையில் எடுத்து, உறையைப் படித்து, ட்ரேயில் வைத்தால்தான் கச்சேரி தொடங்கின மாதிரி இருக்கிறது.

ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. 1980களின் ஆரம்பத்தில் வந்த சில தட்டுகளில் ட்ரெபிளை வேண்டுமென்றே தூக்கி எழுதி, 'வாசிக்கும்போது இறக்கிக்கொள்' என்று ஒரு குறியும் வைத்திருப்பார்கள். ப்ரீ-எம்ஃபசிஸ் என்று பெயர். சிடி ப்ளேயர் அந்தக் குறியைப் பார்த்து இறக்கிவிடும். கம்ப்யூட்டர் பல சமயம் கவனிக்காது. ப்ளேயரில் இதமாக இருந்த தட்டு கம்ப்யூட்டரில் கிறீச்சிட்டால் காரணம் அதுதான், தட்டின் மேல் பழி போடாதீர்கள்.

எஸ்ஏசிடி, எச்டிசிடி எல்லாம் படிக்கிற ப்ளேயர் தேவையா?

அவை சிடி மாதிரியே இருக்கும் சிறப்புத் தட்டு வகைகள். உங்களிடம் அந்தத் தட்டுகள் இருந்தால் தேவை. சாதாரண சிடியை அந்தப் ப்ளேயர்கள் உயர்த்திவிடாது.

விளிம்பில் பச்சை மை பூசினால், கேபிளை மாற்றினால்?

பச்சை மை சிதறுகிற லேசர் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள். ஆனால் லேசர் 780 நானோமீட்டர், சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கே தெரியாது. பச்சை மையை குழந்தைக்குப் படம் வரையக் கொடுங்கள். கேபிள் அறுந்திருந்தால் மாற்றுங்கள்.

கிட்டப்பா சிடியை நீங்கள் எப்படி வைத்துக் கேட்கிறீர்கள்?

மோனோ போட்டுவிடுவேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, அங்கே இருப்பது மோட்டார் உறுமல்தான். 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 6 டெசிபல் சரிவு. 2.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அந்தக் காலத்துப் பதிவுக்கே உரிய ஒரு மூக்கடைப்பு இருக்கிறது, அங்கே 2 டெசிபல் குறைப்பு. அப்புறம் ஒரு ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிவிடுவேன். ஒரே ஆள் பாடுகிறார், ஒரே பெட்டியிலிருந்து வரட்டும். இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது குரல் அந்தரத்தில் தொங்கும். ஒன்றில் கேட்டால் அறைக்குள் ஓர் இடத்தில் நின்று பாடுகிறார்.

மழை பெய்யும்போது மட்டும் இந்தத் தட்டைப் போடுவதில்லை. ஓட்டின் மேல் விழுகிற சாரலும் ஊசி உரசலும் ஒரே மாதிரி. போன வாரம் எது எது என்று தெரியாமல் ட்ரெபிளை இன்னும் இரண்டு டெசிபல் இறக்கிவிட்டேன். காலையில் வெயில் வந்த பிறகு போட்டுப் பார்த்துத் திரும்ப ஏற்றினேன்.